பொருள்: செக்டார், டிரான்ஸ்பாண்டர் – வெள்ளிக்குள் தமிழ் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மாணவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றிய இயல் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கட்டுப்பாட்டாளர்கள் வான்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டுதான் செக்டார். தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் அனுப்பும். பதிலில் வரும் நான்கு இலக்கக் குறியீட்டை ஸ்குவாக் என்கிறார்கள். 'வான்பிரிவு', 'செலுத்துவாங்கி' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

———

தம்பிக்கு,

செலுத்துவாங்கி வேண்டாம். வரிசையே தவறு. கருவி முதலில் வாங்குகிறது, பிறகுதான் செலுத்துகிறது. அதைவிட முக்கியம், ரேடார் கேட்டால் அது பதில் பேசும். "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்றார் தொல்காப்பியர். வினாவுக்கு வரும் விடைதான் செப்பு. ஆகவே கருவி 'செப்பி', அது தரும் எண் 'செப்பெண்'. இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

செக்டாருக்கு 'வான்கூற்றம்'. சோழர் கல்வெட்டுகளில் நாட்டு உட்பிரிவின் பெயர் கூற்றம்.

———

ஐயா, வணக்கம்.

பல ஆண்டுகள் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். கூற்றம் மட்டும் வேண்டாம். குறளில் கூற்றம் என்றால் எமன். விமானத்தை "அடுத்த கூற்றத்திடம் ஒப்படைத்தார்" என்று ஒரு பிள்ளை படிக்கக் கூடாது.

செக்டார் என்றதும் தரையில் கோடு போட்ட பரப்பு நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதற்குத் தளமும் கூரையும் உண்டு. ஒரே இடத்துக்கு மேலே கீழடுக்கு ஒருவரிடம் இருக்கும், மேலடுக்கு இன்னொருவரிடம். நெரிசல் கூடினால் ஒன்றை இரண்டாக்குவோம். பக்கத்து இருக்கைக்கு வருபவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்ப்பார். எந்த விமானம் எங்கே, எந்த உயரத்தில் என்பது மனதில் ஏறிய பிறகுதான் "சரி, கொடுங்கள்" என்பார். இரவில் போக்குவரத்து குறைந்ததும் திரும்ப ஒன்றாக்கிவிடுவோம். பிரித்தோம், சேர்த்தோம் என்று வாயில் தடையில்லாமல் வரும் சொல் வேண்டும். 'வான்கூறு' போதாதா?

'செப்பெண்'ணிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான். 8, 9 வராது. மொத்தம் 4096 சேர்க்கைகள். அது எண்ணிக்கை அல்ல, குறி. 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரநிலை.

ஒருமுறை ஒரு விமானத்தின் குறி 7600 ஆனது. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் பேசுவதாவது அவர்களுக்குக் கேட்கிறதா என்று அறிய, "கேட்டால் ஐடென்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்றேன். சில நொடிகளில் திரையில் அந்தப் புள்ளி மட்டும் பளிச்சிட்டது. குரலே இல்லாத பதில். அதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சொல்லுக்குள் 'மறுமொழி' இருக்க வேண்டும்.

———

அனைவருக்கும் வணக்கம்.

'வான்கூறு' நல்ல சொல். ஆனால் இரண்டாம் வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். நெடில்தொடர்க் குற்றியலுகரம், நன்னூல் விதிப்படி ற் இரட்டும்: வான்கூற்றை. கூற்று என்றாலும் எமன்தான். அண்ணன் வாசலில் விரட்டியவர் கொல்லைப்புறமாக வந்துவிட்டார்.

'செப்பி' என்றால் என் வகுப்பில் எல்லோரும் செம்பைத்தான் நினைப்பார்கள். செப்பேடு படித்த பிள்ளைகள் அவர்கள். 'செப்பெண்'ணை வாய்விட்டுச் சொன்னால் கடைசியில் பெண் என்று கேட்கிறது. புரியாத தூய்மையால் மாணவருக்கு என்ன பயன்?

ஸ்குவாக் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் நம் விமானமா, எதிரியின் விமானமா என்று அறியப் பயன்பட்ட கருவிக்குக் கிளி என்பதுதான் மறைபெயர். கிளி கத்துவதுதான் ஸ்குவாக்.

———

அம்மா, கிளி என்றீர்களே! கிளத்தல் என்றால் சொல்லுதல். சொல்லதிகாரத்தின் முதல் இயலே கிளவியாக்கம். சொன்னதைச் சொல்லும் பறவைக்குக் கிளி என்ற பெயர் அந்த வேரிலிருந்து வந்திருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம். கிள்ளை என்ற வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியானால் 'கிளவிக்குறி' என்பதில் கிளியும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது, குறியும் இருக்கிறது. வான்கூற்றை பற்றிச் சொன்னது சரியே, அதை விட்டுவிடுகிறேன். செப்பியை விடமாட்டேன்.

———

ஐயா, கிள்ளுதல் என்ற வேரைக் காட்டி, கொத்தித் தின்பதால் கிளி என்பாரும் உண்டு. இதைத் தனி இழையில் பேசுவோமா? நாளை வெள்ளி.

———

எல்லோருக்கும் நன்றி.

இப்போது இரவு பதினொன்று. வான்பிரிவு, மறுமொழிக் கருவி, அடையாளக் குறி என்று அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். நால்வர் ஒப்பினார்கள், ஐயா ஒப்பவில்லை. வான்பிரிவு என்றால் தட்டையாகத் தோன்றும் என்ற அண்ணனின் கவலை நியாயமானது. அதனால் தளமும் கூரையும் தெரியும்படி ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறேன்.

———

தம்பி, அனுப்புங்கள். 'மறுமொழிக் கருவி' விளக்கம்தான், பெயராகாது. விமானி அவசரத்தில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும், எட்டு எழுத்து. செப்பி இரண்டரை மாத்திரை.