நிக்காஹ் வீடியோவில் தஃப் மட்டும் நிக்கணும், வழி சொல்லுங்க

அஸ்ஸலாமு அலைக்கும். மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் எடிட்டிங் பண்ற காக்காமார் உதவணும்.

கல்யாணத்துக்கு தஃப் (ஒரு பக்கம் தோல் கட்டின கைப்பறை) அடிக்க புகாரி ஹதீஸ் தொகுப்புல 5147-ஆம் ஹதீஸ் இடம் தருது. மத்த வாத்தியங்களை அதே புகாரியோட 5590-ஐ வச்சு பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஹராம்ங்கிறாங்க. அதோட அறிவிப்பாளர் தொடர் அறுபட்டதுன்னு அந்தக் கால அறிஞர் இப்னு ஹஸ்ம் சொன்னது தெரியும். அந்தச் சண்டை இங்க வேண்டாம்.

சிக்கல் ஒலியில. பைத் (மார்க்கப் பாட்டு) ஓதும்போது தெருவுல ஓடின சினிமாப் பாட்டும் மைக்குல ஏறிட்டு. இசை பிரிக்கிற சாஃப்ட்வேர் குரல், டிரம்ஸ், பேஸ், மத்ததுன்னு நாலாப் பிரிக்குது. குரலை மட்டும் வச்சா தஃப் போயிருது, ஏன்னா அது டிரம்ஸ் தடத்துல விழுது. அதையும் சேர்த்தா சினிமாத் தாளமும் வந்துருது. சினிமாப் பாடகர் குரல் வேற பைத்தோட ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கு! தஃபை மட்டும் தனியா எடுக்க வழி உண்டா?

ஆலிம்களுக்கு ஒண்ணு: லேசா மிச்சமிருந்தா, காதுல விழுறது வேற, காது கொடுத்துக் கேக்குறது வேறங்கிற சட்டம் இதுக்குப் பொருந்துமா?