மறுமொழி: பாக்கெட் டார்ச் வாங்கும் கையேடு – த்ரோ, ஃப்ளட் இரண்டுக்கும் தமிழில் என்ன?

> த்ரோவுக்கு 'எறிவு' போதும். ஃப்ளட் என்பது வெள்ளம், ஆகவே 'வெள்ளொளி'.

ஐயா, வணக்கம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: த்ரோ என்பது டார்ச் ஒளி எவ்வளவு தூரம் எட்டும் என்பது, ஃப்ளட் என்பது அகலமாக விரிந்து விழும் ஒளி.

'வெள்ளொளி'யைப் படிப்பவர் வெள்ளை ஒளி என்றுதான் எடுத்துக்கொள்வார். வெள்ளம் யார் நினைவுக்கும் வராது. டார்ச்சில் வெள்ளையா மஞ்சளா என்பதே தனி விவகாரம் என்பதால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

'எறிவு' இலக்கணப்படி சரி. ஆனால் கடையில் "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நாம் டார்ச்சை அடிக்கிறவர்கள், எறிகிறவர்கள் இல்லை. அந்த வகையில் 'அடிதூரம்' அருமையான சொல். ஆனால் "அடிதூரம் 100 மீட்டர்" என்று அச்சில் வந்தால் அடியும் மீட்டரும் முட்டிக்கொள்ளும். 'வீச்சு' என்பதை அலைகளுக்காக இயற்பியல் பாடநூல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை 'ஒளியெட்டம்'. "எட்ட நில்", "கண்ணுக்கு எட்டிய தூரம்" என்கிறோமே, அதே எட்டு. இந்த இழையில் முன்பு வந்த 'எட்டொளி' ஏதோ எட்டு பல்பு போட்ட விளக்கு மாதிரி ஒலிக்கிறது. ஒளியை முன்னால் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அளவிடும் முறைக்கும் இது பொருந்துகிறது. 2009இல் வந்த ஏன்சி எஃப்.எல்.1 என்னும் அமெரிக்க டார்ச் தரத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) குறையும் இடம் வரைக்கும்தான் தூரக் கணக்கு. ஏறக்குறைய தெளிந்த வானத்து முழுநிலவின் வெளிச்சம் அது. கேண்டெலாவில் அளக்கும் ஒளிச்செறிவின் (ஒரு திசையில் பாயும் ஒளியின் வலிமை) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைத்துவிடும்: 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200. ஆக, ஒளியெட்டம் இரட்டிக்க ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். கையேட்டில் இதை விளக்காமல் சொல்லை மட்டும் கொடுத்துப் பயனில்லை. பெட்டியில் போட்டிருக்கும் லூமென் மொத்த வெளிச்சத்தைத்தான் சொல்கிறது. அதே 200 லூமெனைக் குவித்தால் வரப்பின் அந்தக் கோடி தெரியும், விரித்தால் காலடியில் பாம்பு கிடந்தால் தெரியும். ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஃபியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனுக்கும் அப்படியே. குவிந்த ஒளி ஒரு கை தூரத்தில் கண்ணைக் கூசவைக்கும்.

ஆகவே ஃப்ளட்டுக்கு 'விரிவொளி'. 'பரவல்' வேண்டாம், அறிவியலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'ஃபோகஸ்' அப்படியே இருக்கட்டும், பட்டறையில் எல்லாருக்கும் அது புரிகிறது.

> ரன்டைம் = இயங்குநேரம்

இயங்க இது மோட்டாரா? விளக்கு எரிகிறது என்கிறோம், 'எரிநேரம்' போதும். விளக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: அதே தரத்தின்படி, தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும் வரை எரிநேரக் கணக்கு ஓடும். தொடக்க அளவை எடுப்பது, போட்ட 30 விநாடி கழித்து. பெட்டியில் 8 மணி நேரம் என்றிருந்தால் அதில் பாதிக்குமேல் மங்கலாகவே எரிந்தாலும் பொய் இல்லை. மலிவு டார்ச் வாங்குகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ.க்கு 'நிறமெய்மை' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். யாராக இருந்தாலும் கை கொடுங்கள். உச்ச அளவு 100. மலிவு எல்.இ.டி.க்கள் 70 பக்கம் நிற்கும், அந்த நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பு வயர் பழுப்பு மாதிரித் தெரியும். வயரிங் வேலைக்கு 90க்கு மேல் இருப்பது நல்லது.

18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவதை விட்டுவிடலாம். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம் என்று எண்ணே சொல்லிவிடுகிறது. அதே அளவில் கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர்-மணி) என்று அச்சடித்து விற்கிறார்கள், நல்ல செல்லே 3,500 பக்கம்தான் என்று ஓரத்தில் ஒரு வரி போடுங்கள். கிராமத்து வாசகருக்கு நான் ஒற்றைப் பென்சில் பேட்டரி டார்ச்சைத்தான் சொல்வேன். தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பாக்கி இருப்பது ஸ்டெப்-டவுன். சூடு ஏறியதும் டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதற்குத் 'தணிவு' போதுமா, 'சூட்டுத்தணிவு' என்று விரிக்க வேண்டுமா? லைன் வேலையில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், அதுவரை அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.