அப்பாவின் பழைய ரிவால்வரா, புது நிடரா?

வணக்கம். பாலக்காடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் ஸ்மித் அண்டு வெசன் மாடல் 34, லைசன்ஸோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. சின்ன ஜே ஃப்ரேம் (அந்த நிறுவனத்தின் சிறிய உடற்சட்டம்), .22 அளவுத் தோட்டா, 6 போடலாம். கருநீலப் பூச்சு குழல் முனையில் தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிகிறது. மழைக்காலத்தில் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுத்து வைத்துச் சுட்டால் ட்ரிகர் அவ்வளவு மென்மை. குழலை ஃப்ரேமோடு பிடிக்கும் குறுக்கு ஊசியும் இதில் உண்டு. 1982க்குப் பிறகு அந்த நிறுவனம் அதை விட்டுவிட்டது.

கடைக்காரர் இதைக் கொடுத்துவிட்டு இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் நிடர் ரிவால்வரை வாங்கச் சொல்கிறார். அதுவும் .22தான், 8 தோட்டா, எடை 250 கிராம். அவ்வளவு லேசானது கையில் அசையாமல் நிற்குமா? சுத்தியலை இழுக்காமல் சுட்டால் ட்ரிகர் எவ்வளவு கடினம்? .22 தோட்டா அதன் பின்விளிம்பில் அடிபட்டால்தான் வெடிக்கும்; அந்த அடி சரியாக விழாமல் வெடிக்காமல் போகிறதா? இரண்டையும் சுட்டுப் பார்த்த அண்ணன்மார் சொல்லுங்கள். அப்பாவுடையதை விட மனசே வரவில்லை.