துருப்பிடித்த றாக்கை: புதுப்பிப்பு

இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: திருகோணமலை உப்புவெளியில், எங்கள் விறாந்தையில் நிற்கும் அம்மாவின் இரும்பு றாக்கைக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் கொப்பளித்துத் துரு வெளியே வருகிறதே, என்ன செய்யலாம் என்று. "பெயின்டுக்கு முதல் நல்ல தண்ணியில கழுவினீங்களா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கழுவவில்லை. பிழை அதுதான். கடற்காற்றின் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

இந்த முறை பழைய பெயின்டைச் சுரண்டி, வினாகிரியில் நனைத்த துணியை இரவு முழுக்கச் சுற்றிவைத்தேன். காலையில் துணி தேயிலைச் சாயம் போல இருந்தது. தும்பால் தேய்க்கத் தேய்க்க மூலைகளில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம்! அப்பச்சோடாத் தண்ணீரால் ஒருதரம், பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வைத்தேன். ஈரத்தோடு விட்டால் திரும்பவும் செம்மை படரும். அப்புறம் அன்டிகொரோசிவ் என்ற துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு பூச்சு, கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை இரண்டு பூச்சு.

காசு கொடுத்து வாங்கியது வினாகிரியும் சின்ன டின் அன்டிகொரோசிவும் மட்டும். தட்டுகளில், கிழிந்த பன்பாயை வெட்டி, பழைய சாறிக் கரையால் ஓரம் தைத்து விரித்திருக்கிறேன்.

மூன்று கிழமையாகிறது. ஒரு காலின் அடியில் மட்டும் சின்னக் கொப்புளம். நிலம் கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்தியிருக்கிறேன்.