ஓவன் சூடு ஒரே அளவில் நிற்கவில்லை, உதவி தேவை

மாவுக்கை:
ஓவனில் 180 வைத்தால் தெர்மாமீட்டர் 150 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 215க்குப் போய்விடுகிறது, மறுபடி இறங்குகிறது. கேக் மேலே கருகி நடுவில் மாவாகவே இருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் போய்விட்டதா? நாளைக்கு ஒருவருக்குச் செய்து தர வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிச்சுருள்:
கரண்டா, கேஸா? திருகுகிற குமிழா, டிஜிட்டலா? ஃபேன் உண்டா? தெர்மாமீட்டரை எந்தத் தட்டில் வைத்தீர்கள்?

நிலாமுற்றம்:
கதவு ரப்பராகத்தான் இருக்கும். ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் சூடு வெளியே போகிறது. எங்களுக்கு ரப்பர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய_அடுப்பு:
தெர்மாமீட்டர் வாங்கிய எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது. தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது என்று முதலில் படியுங்கள். எந்த ஓவனும் 180இல் அசையாமல் நிற்காது. எலிமென்ட், அதாவது சூடேற்றும் கம்பி, எரியும், அணையும், அதற்குள் 10, 15 டிகிரி மேலும் கீழும் போய் வரும். சராசரிதான் கணக்கு.

கம்பிச்சுருள்:
அது சரி, ஆனால் இங்கே 65 டிகிரி வித்தியாசம். இதை இயல்பு என்று விட முடியாது. ரப்பர் கசிந்தால் சூடு குறையும், 215 வரை ஏறுவதற்கு அது காரணமாகாது.

மாவுக்கை:
கரண்ட்தான், குமிழ் மாடல். ஃபேன் இருக்கிறது, போடவில்லை. தெர்மாமீட்டர் மேல் தட்டில்.

செங்கல்சூளை:
அடித்தட்டில் கனமான பேக்கிங் கல் ஒன்றை வைத்துவிடுங்கள். கல் சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல விடும், ஏற்ற இறக்கம் அடங்கும். நான் அதை வெளியே எடுப்பதே இல்லை.

பழைய_அடுப்பு:
கல்லை வைத்தால் கோளாறு மறையும், தீராது. அதுவும் சூடேற அரை மணிக்கு மேல் ஆகும், காற்றோட்டத்தையும் அடைக்கும். தெரியாதவர்களுக்கு இதையெல்லாம் சொல்லாதீர்கள்.

செங்கல்சூளை:
ஓவனின் அகலம் முழுக்க அடைத்து வைத்தால்தான் அந்தப் பிரச்சினை. சுற்றிலும் இடைவெளி விட்டால் ஒன்றும் ஆகாது. ரொட்டி சுடுகிறவர்கள் பலர் கல் வைத்துத்தான் சுடுகிறார்கள்.

பழைய_அடுப்பு:
அவர் கேட்டது கேக். கேக்குக்கு அடியில் அவ்வளவு சூடு எதற்கு?

கம்பிச்சுருள்:
கல் சண்டை அப்புறம். மாவுக்கை, மேல் தட்டில் எலிமென்டின் நேரடிச் சூடு தெர்மாமீட்டரில் படும், அது ஓவனின் அளவு ஆகாது. நடுத்தட்டில், நடுவில் வையுங்கள். சூடேறியதைக் காட்டும் விளக்கு முதலில் அணைந்ததும் நம்பிவிடாமல் இன்னும் 20 நிமிடம் விட்டு, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே உச்சத்தையும் அடியையும் சில சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே வித்தியாசம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு உள்ளே பாருங்கள். சுவரோரம் பென்சில் கனத்தில் ஒரு உலோகக் குழல் கிளிப்பில் மாட்டியிருக்கும். அதற்குள் இருக்கிற திரவம் சூட்டில் விரிந்துதான் தெர்மோஸ்டாட்டின் ஸ்விட்ச்சைத் தள்ளுகிறது. குழல் கழன்று சுவரில் ஒட்டிக்கிடந்தால் காற்றின் சூடு அதற்குத் தாமதமாகத்தான் தெரியும், எலிமென்ட் தேவைக்கு மேல் எரிந்துகொண்டே இருக்கும். துடைக்கும்போது கை பட்டு இப்படி ஆவதுண்டு. மெதுவாக மாட்டுங்கள், அதோடு சேர்ந்த கம்பி போன்ற மெல்லிய குழாய் மடங்கக் கூடாது. மடங்கித் திரவம் கசிந்தால் சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறலாம், பிறகு தெர்மோஸ்டாட்டையே மாற்ற வேண்டும். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம், அது மெக்கானிக் வேலை.

நிலாமுற்றம்:
ஃபேன் போட்டால்?

கம்பிச்சுருள்:
சூடு சமமாகப் பரவும். ஆனால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும்.

மாவுக்கை:
குழல் கழன்றுதான் கிடந்தது. மாட்டிவிட்டேன். நடுத்தட்டில் இப்போது 170க்கும் 190க்கும் இடையில் ஓடுகிறது, கேக் நடுவிலும் வெந்துவிட்டது. ரொம்ப நன்றி.

நிலாமுற்றம்:
எங்களுடையது டிஜிட்டல். அதிலும் இந்தக் குழல் இருக்குமா?

கம்பிச்சுருள்:
பெரும்பாலும் இருக்காது. அதில் மின்தடை மாறுகிற சென்சார் கம்பி இருக்கும். பிடி1000 வகை என்றால் 0 டிகிரியில் 1000 ஓம், அறைச் சூட்டில் 1100க்குக் கொஞ்சம் கீழே காட்ட வேண்டும். வேறு வகைகளும் உண்டு, கையேட்டைப் பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.