சென்னையின் நவீன நடனக் கலைஞர்கள் சந்திரலேகா, பத்மினி செட்டூர் குழுக்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடலோரத்தான்
சந்திரலேகாவின் 'சரீரா' பார்த்தது பெசன்ட் நகர் ஸ்பேசஸ் அரங்கில். இசை, குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாட்டு. டிஷானி தோஷி தரையில் கிடந்தபடி காலை விரிக்கிறார், விரித்துக்கொண்டே இருக்கிறார். ஜதி கிடையாது, சலங்கை கிடையாது. கேரளத் தற்காப்புக் கலையான களரி கற்ற ஷாஜி ஜான் வருவதெல்லாம் பிறகுதான். பக்கத்தில் பட்டுப்புடவை மாமி ஒருவர், "டான்ஸ் எப்போப்பா ஆரம்பிக்கும்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், மாமி கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பரதத்தைத் தூக்கி எறிந்தவரின் நடனம் ஒரு பரத ரசிகையை எப்படி அப்படி உட்காரவைத்தது? இன்னும் புரியவில்லை.

சபா கேண்டீன்
தூக்கி எறிந்தார் என்று யார் சொன்னது? காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர் சந்திரலேகா. 1952 அரங்கேற்றமே ராயலசீமா வறட்சி நிதிக்காக. அதில் 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு யமுனை நீரை அபிநயித்துக்கொண்டிருந்தபோது வெடித்துக் கிடக்கும் நிலம் கண்முன் வந்ததாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் பல வருடம் ஆடினார். நடுவில் சுவரொட்டி, பெண்கள் இயக்கம் என்று போய்விட்டு, 1985இல் 'அங்கிகா' என்ற படைப்போடு வந்தபோது பரதத்தின் அடவு, களரி, யோகா மூன்றும் ஒரே மேடையில். அவர் கழற்றிப் போட்டது நகையையும் நாயகனுக்காக ஏங்கும் நாயகியையும். முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி அப்படியே இருந்தது. உங்கள் மாமிக்கு அது தெரிந்திருக்கும்.

என் அனுபவம் என்றால், ஒரு சபா செயலாளர் என்னிடம் "அது எக்சர்சைஸ் சார்" என்று அடித்துச் சொன்னார். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எதையும் பார்த்ததில்லையாம்!

மூன்றாவது வரிசை
நான் பத்மினி செட்டூரின் 'வால் டான்சிங்' பார்த்தேன். நாற்காலி வரிசை கிடையாது, நாம் பாட்டுக்கு நடக்கலாம், உட்காரலாம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கால் வலித்ததால் சுவரில் சாய்ந்துவிட்டேன். அதே சுவரில் ஒரு நடனக்காரரின் உள்ளங்கை என்னை நோக்கி நகர்ந்து வருகிறது, அவ்வளவு மெதுவாக. விலகுவதா, நிற்பதா? அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது.

பத்மினி பந்தநல்லூர் சுப்பராய பிள்ளையின் சிஷ்யை; பிலானியில் வேதியியல் படித்தவர்; 1991லிருந்து பத்து வருடம் சந்திரலேகாவிடம் ஆடியவர். சந்திரலேகாவிடம் இருந்த அந்தச் சூடு இவரிடம் இல்லை, எல்லாம் ஆய்வுக்கூட அளவு என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு அந்த அளவுதான் பிடித்தது.

முட்டிவலி
சின்ன வயதில் பரதம், அப்புறம் களரி. சந்திரலேகா குழு ஆடி ஒரே ஒரு முறை பார்த்தேன், பின்வரிசையிலிருந்து, முதுகுகள்தான் ஞாபகம்.

இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை 'கன்டெம்பரரி' வகுப்பில் போட ஓடுகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் தரையைப் பாருங்கள். சிமென்ட் மேல் டைல்ஸ் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அதன் மேல் தட்டித் தட்டித்தான் என் முட்டி போனது. மரத்தளம் இல்லாவிட்டால் மண்தரையாவது இருக்கட்டும். இரண்டாவது, ஏதாவது ஒரு மரபை ஐந்தாறு வருடம் உருப்படியாகக் கற்கட்டும். சந்திரலேகாவும் பத்மினியும் நேராக இங்கே குதிக்கவில்லை. களரியில் மெய்ப்பயற்று என்ற உடற்பயிற்சி மட்டும் போதும், வாளும் கேடயமும் வேண்டாம். அரைமண்டியில் முட்டி கால்விரலின் திசையிலேயே போகிறதா என்று ஆசிரியர் பார்க்கிறாரா, அதைக் கவனியுங்கள். பார்க்காதவரிடம் ஒரு மாதம்கூட விடாதீர்கள்.

சதுரத்துக்கு வெளியே
முட்டிவலி, யாரும் வகுப்பு கேட்கவில்லையே?

நான் பார்த்தது ப்ரீத்தி ஆத்ரேயாவின் குதிக்கும் நிகழ்ச்சி. பரதம் கற்று, லண்டனில் லாபான் நடனப் பள்ளியில் படித்து, பத்மினியின் குழுவில் ஆடியவர். ஒரு சதுரத்துக்குள் ஒரு கூட்டம் குதிக்கிறது, நாம் சுற்றிலும் நிற்கிறோம். கதை கிடையாது. பாதம் விழும் சத்தமும் மூச்சும்தான். முடியும் நேரத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கி, அடுத்தவரின் தாளத்தைப் பிடிக்க முடியாமல் அரை நொடி பிந்தினார். பக்கத்திலிருந்தவர் தன் குதியைத் தாமதப்படுத்தி அவரோடு சேர்ந்துகொண்டார். அது ஒத்திகையில் வைத்ததா, அன்றைக்கு மட்டும் நடந்ததா? வேறு நாள் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.