மறு: ஸ்ப்ரிங் டைட் – 'உவா ஓதம்' ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஊர்ப்புற நூலகச் சுவரில் கடலைப் பற்றி ஒரு படம் வரைகிறோம், கடல் மிகுதியாக ஏறி இறங்கும் ஸ்ப்ரிங் டைட், குறைவாக ஏறி இறங்கும் நீப் டைட் இரண்டுக்கும் நல்ல சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மறுமொழிகள் குவிந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வசந்த ஓதம், இளவேனில் ஓதம்

முதலில் இதை முடித்துவிடுகிறேன். ஓதம் என்றால் கடலின் ஏற்றவற்றம், அது சரி. ஆனால் அந்த ஸ்ப்ரிங்குக்கும் வசந்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீர் துள்ளி எழுவதைச் சொல்லும் சொல் அது. இந்தப் பெருக்கு சித்திரை வெயிலிலும் வரும், ஐப்பசி அடைமழையிலும் வரும். மாதம் இருமுறை வந்தே தீரும். 'இளவேனில்' என்று எழுதி வைத்தால் மீனவர் வீட்டுப் பிள்ளை நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

> பள்ளிப் பாடத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்றுதானே இருக்கிறது? புதிதாக எதற்கு?

நானும் அந்தச் சொற்களைத்தான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகுதான் உறுத்துகிறது. உப்பனாற்றுப் படகுத்துறையில் ஒரு தூண் இருக்கிறது. அதில் சிப்பி ஒட்டிப் பொருக்குத் தட்டியிருக்கும் மட்டத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, சென்ற மாதம் அமாவாசைக்கு மறுநாள் காலையிலும் பிற்பகலிலும் போய்ப் பார்த்தேன். ஏற்றத்தில் பொருக்கு முழுவதும் மூழ்கிவிட்டது. வற்றத்தில் தூணின் அடிச்சேறு வெளியே தெரிந்தது. நண்டுகள் அதில் வளை தோண்டிக்கொண்டிருந்தன. இரண்டு மட்டத்துக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு முழம். ஒரு வாரம் கழித்து, அரைநிலவு நாளில், அதே தூணில் ஒரு முழம்கூடத் தேறவில்லை. ஏற்றத்தில் பொருக்கின் மேல்பகுதி காய்ந்தே கிடந்தது, வற்றத்தில் சேறும் தெரியவில்லை.

ஆக, கடல் மிக உயரும் நாளில்தான் மிகத் தாழவும் செய்கிறது. அதற்கு 'உயர் ஓதம்' என்று பெயரிட்டால், "உயர் ஓதத்தன்று ஏன் ஐயா சேறு தெரிகிறது?" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? போதாக்குறைக்கு அன்றாட ஏற்றத்தின் உச்சிக்கும் உயர் ஓதம் என்றே எழுதுகிறோம். ஒரு சொல்லில் இரண்டு சரக்கு.

உயரத்தை வைத்துப் பெயரிடுவதை விட்டுவிட்டுக் காரணத்தை வைத்துப் பெயரிடலாம் என்பதுதான் என் கட்சி. காரணம் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வருவது. அது அமாவாசையிலும் நடக்கிறது, பௌர்ணமியிலும் நடக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரே சொல் தமிழில் உண்டா? உண்டு. உவா. வெள்ளுவா என்றால் முழுநிலவு, காருவா என்றால் அமாவாசை. பழைய அகராதிகளைப் புரட்டிப் பாருங்கள். வானம் முழுக்க வெளிச்சமாக இருக்கும் இரவுக்கும் கும்மிருட்டாக இருக்கும் இரவுக்கும் ஒரே பெயர் வைத்த மூளையை நினைத்து நான் இரண்டு நாள் வியந்துகொண்டிருந்தேன். கடலின் கணக்கில் அவை இரண்டும் ஒன்றுதானே.

புறநானூற்றின் 65-ஆம் பாட்டில் கழாத்தலையார், 'உவவுத் தலைவந்த பெருநாள்' அன்று இரு சுடர்கள் ஒன்றையொன்று நோக்க, ஒரு சுடர் மாலையில் மலைக்குப் பின்னே மறைவதைச் சொல்கிறார். பௌர்ணமி மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், முதுகுக்குப் பின்னே சூரியன் இறங்க, எதிரே கடலிலிருந்து நிலவு எழுவதைப் பாருங்கள். நடுவில் நிற்பது நாம், அதாவது பூமி.

> எதிரெதிர்ப் பக்கம் நின்று இழுத்தால் ஒன்றின் இழுப்பை மற்றது அழித்துவிடாதா? பௌர்ணமியில் கடல் அடங்கியல்லவா இருக்க வேண்டும்?

புதுச்சேரி அம்மையாரின் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஓதத்தை உண்டாக்குவது இழுப்பு அன்று, இழுப்பில் உள்ள வேறுபாடு. நிலவு தனக்கு நெருங்கிய பக்கத்துக் கடலைப் பூமியின் நடுப்பகுதியைவிடச் சற்று வலுவாக இழுக்கிறது, அது முந்திக்கொள்கிறது. அப்பால் உள்ள கடலை நடுப்பகுதியைவிடச் சற்று மெலிதாக இழுக்கிறது, அது பின்தங்குகிறது. தேர்வடம் பிடித்து ஓடும் கூட்டத்தில் முன்னே இருப்பவர் விரைந்து, பின்னே இருப்பவர் தளர்ந்தால் கூட்டம் இரு முனையிலும் நீளுமே, அப்படி. நீர் இரண்டு பக்கமும் புடைக்கிறது. பூமி சுழல்வதால் நம் கரை இரு புடைப்புகளையும் கடக்கிறது. அதற்குள் நிலவும் சற்று நகர்ந்துவிடுவதால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி. சூரியனும் இதேபோல் இரு பக்கமும் புடைக்க வைக்கிறது. ஆகவே நிலவு சூரியன் இருக்கும் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் நின்றாலும் புடைப்பு புடைப்போடு சேர்ந்துகொள்ளும்.

பூமியின் மீது சூரியனின் ஈர்ப்பு நிலவினுடையதைப்போல் சுமார் 180 மடங்கு. ஆனால் ஓத விசை தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சூரியனோ நிலவைவிட ஏறத்தாழ 390 மடங்கு தொலைவு. எனவே ஓதத்தில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிகூட இல்லை, சுமார் 46 விழுக்காடு. உவாவில் அந்தப் பங்கு கூடுகிறது. அரைநிலவில் செங்குத்தாக நின்று கழிகிறது.

அந்த அரைநிலவு ஓதத்துக்கு நான் முன்வைக்கும் சொல் 'எண்ணாள் ஓதம்'. இதுவும் என் கற்பனை அன்று. பாரியின் பறம்பு நாட்டுச் சிறுகுளத்தின் வளைந்த கரைக்குக் கபிலர் 'எண்ணாள் திங்கள்' என்று உவமை சொல்லியிருக்கிறார் (புறம் 118). எட்டாம் நாள் நிலவு. 'அட்டமி ஓதம்' என்றும் வைக்கலாம்தான். ஆனால் அட்டமி நவமியில் தொட்டது துலங்காது என்று நம் வீடுகளில் ஏற்கனவே ஒரு பயம் இருக்கிறது. அதில் கடலையும் கோத்துவிட வேண்டாம்.

'ஓதம்' என்றால் சுவரில் ஏறும் ஈரம் அல்லவா என்று நெல்லை நண்பர் கேலி செய்திருந்தார். இருக்கட்டும். கடலோர வீடுகளின் சுவரில் அதுவும்தான் ஏறுகிறது.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து

———

ஐயா, வணக்கம். இழுப்புக் கணக்கு இப்போது புரிந்தது, நன்றி. ஆனாலும் இரண்டு ஐயங்கள்.

ஒன்று, மிகப் பெரிய ஏற்றம் உவா அன்றே வருவதில்லை, ஓரிரு நாள் கழித்தே வருகிறது. நீங்களே அமாவாசைக்கு மறுநாள்தான் தூணைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள்! பெயரில் நாளைச் சொல்லிவிட்டு அந்த நாளில் வராவிட்டால் எப்படி? இரண்டு, 'எண்ணாள்' என்பதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மகள் "எந்த நாள்?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அமாவாசை, பௌர்ணமிக்கும் 'கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்' என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் போட்டுச் செய்தி வருகிறது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பது இங்கே வைத்திக்குப்பத்தில் யாருக்கும் மறக்கவில்லை. உங்கள் சுவரைப் பார்க்கிறவர்கள் உவாவையும் ஆழிப்பேரலையையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.

புதுச்சேரியிலிருந்து

———

அம்மா, வணக்கம்.

முதல் ஐயம் சரியானது. நான் மறைத்துத்தான் எழுதினேன், பிடித்துவிட்டீர்கள். ஆயினும் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு, வெக்கை உறைப்பது இரண்டு மணிக்கு. அதை நாம் உச்சிவெயில் என்றே சொல்கிறோம். கடலும் அப்படிப் பிந்தட்டும்.

இரண்டாவதற்கு என்னிடம் வாதம் இல்லை. உங்கள் மகள் சொல்வதே நியாயம். காதில் குழம்பும் சொல் சுவருக்கு ஆகாது. 'எட்டாம்நாள் ஓதம்' என்று எழுதிவிடலாம். கபிலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவதைப் படத்திலேயே சேர்க்கிறேன். ஆழிப்பேரலையைக் கிளப்பியது கடலடி நிலநடுக்கம். நிலவுக்கு அதில் வேலை இல்லை. கடலூரை உலுக்கிய தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. அமாவாசை 24-ஆம் தேதியே முடிந்து, அரைநிலவு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஓதத்தின் கணக்கில் கடல் சாதுவாக இருக்க வேண்டிய நாட்கள். ஆக ஒரு பேரிடர் உவாவில், மற்றொன்று எட்டாம்நாளை ஒட்டி. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் முடிச்சு தானே அவிழும். நம் கரையில் உவா ஓதமே சுமார் ஒரு மீட்டர்தான் என்பதையும் எழுதுகிறேன். குஜராத்தின் பாவ்நகரில் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது; அங்கே வற்றத்தில் சேறு தெரிவதை யாரும் செய்தியாக்குவதில்லை.

மாசி மகமும் படத்தில் இருக்கும். உங்கள் வைத்திக்குப்பத்திலும் எங்கள் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் கடலுக்கு வருவது பௌர்ணமியை ஒட்டித்தான். பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாத நாளுக்கு அருகில் வரும் உவா ஓதம் ஆண்டின் பெரிய ஓதங்களில் ஒன்று. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் உவாவுக்கு 'அண்மை உவா ஓதம்' என்று வைக்கலாமா? ஒரு சொல் குட்டி போடுகிறதா என்று பார்த்தால்தான் அது நிற்குமா என்று தெரியும்.

வண்ணம் பூசுகிறவர் சனிக்கிழமை வருகிறார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறார். புணர்த்தி 'உவாவோதம்' என்று எழுதினாலும், பிரித்து 'உவா ஓதம்' என்று எழுதினாலும் ஐந்து எழுத்துதான், எனக்குச் செலவு ஒன்றுதான். எது படிக்க எளிது என்று வெள்ளிக்குள் யாராவது சொல்லிவிடுங்கள்.